அறியாதவன் நல்லவன் ஆன கதை: ‘நைஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரடை

1815 ஜூன் 18 ஞாயிற்றுக்கிழமையன்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள வாட்டர்லூ என்ற ஊருக்கருகே நெப்போலியனின் படை தோற்கடிக்கப்பட்டது. மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நகரில், வெற்றி பெற்ற தளபதியான வெலிங்டன் கோமகனை தாமஸ் கிரீவி என்ற ஆங்கிலேய அரசியல்வாதி சந்தித்தார். தானும் பிரஷ்யத் தளபதி புளூகரும் 30,000 பேரை இழந்துவிட்டதாகச் சொன்ன கோமகன், அதே மூச்சில் அந்தப் போரை ‘நைஸ்’ ஆன ஒன்று என்று குறிப்பிட்டார். அந்தப் பெயரடைக்கு முன்னால் ஒரு வசைச் சொல்லையும் சேர்த்துக்கொண்டார். கிரீவி எழுதி வைத்த குறிப்புகளின் வழியாகத்தான் இந்த உரையாடல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

‘நைஸ்’ என்றால் நல்ல, இனிய, அழகான என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த இடம் திகைப்பைத் தரும். முந்தைய நாள் சகதியில் செத்து விழுந்த ஆயிரக்கணக்கானவர்களை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் அந்தப் போரை எப்படி இனிமையானது என்று சொல்ல முடியும்? கோமகன் அப்படிச் சொல்லவில்லை. அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் வேறு. தராசின் முள் இந்தப் பக்கம் சாயுமா, அந்தப் பக்கம் சாயுமா என்று கடைசி வரை தெரியாமல், இம்மி பிசகியிருந்தாலும் முடிவு மாறிப்போயிருக்கக்கூடிய நிலையைத்தான் அவர் ‘நைஸ்’ என்றார். அவ்வளவு நூலிழையில் தப்பிய ஒன்றை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்ற கருத்தில் அவர் தொடர்ந்து சொன்ன சொற்களும் இதையே உறுதிப்படுத்துகின்றன.

ஒரு சொல்லின் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருக்க, அது சுட்டும் பொருள் காலப்போக்கில் வேறாகிவிடுவதை மொழியியலில் பொருள் மாற்றம் என்பார்கள். எல்லா மொழிகளிலும் எல்லாக் காலத்திலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. இதை விளக்க முற்படும் ஆங்கில நூல்கள் பெரும்பாலும் ‘நைஸ்’ என்ற சொல்லை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்து நிறுத்திவிடும். அது தேய்ந்துபோன எடுத்துக்காட்டுதான் என்றாலும், தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சொல்லி வியப்பூட்டிவிட்டு நடுவில் நடந்ததை விட்டுவிடுவதே வழக்கமாக இருப்பதால், அந்த நடுப்பகுதியைச் சற்று நின்று பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

தொடக்கம் லத்தீன் மொழியில் இருக்கிறது. லத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதற்கு முன்னால் ‘இல்லை’ என்ற பொருள் தரும் ‘நெ’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’ என்ற பெயரடை உண்டாயிற்று. அறியாத, அறிவற்ற என்பது அதன் பொருள். அறிவியலைக் குறிக்கும் ‘சயன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே ‘ஸ்கீரே’ என்னும் வினையிலிருந்து பிறந்ததுதான். ஒரே அடியில் கிளைத்த இரண்டில் ஒன்று அறிவின் பெயராக உயர்ந்து நிற்க, மற்றொன்று அறியாமையின் பெயராகத் தன் வாழ்க்கையைத் தொடங்கியது.

மக்கள் பேச்சில் லத்தீன் சிதைந்து பிரெஞ்சாக மாறியபோது, ‘நெஸ்கியுஸ்’ என்ற சொல்லும் நடுவெழுத்துகள் தேய்ந்து சிறிய சொல்லாகச் சுருங்கியது. பழைய பிரெஞ்சில் அது மூடத்தனமான, கவனமற்ற, திறமையற்ற, வலுவற்ற என்றெல்லாம் பொருள்பட்டது. 1066ஆம் ஆண்டில் பிரான்சின் வடபகுதியைச் சேர்ந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து, அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பெரிய வீடுகளின் சமையலறையிலும் பிரெஞ்சு மொழி குடியேறியது. அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தன. அந்த வரிசையில், 1300ஐ ஒட்டிய காலத்தில் உள்ளே நுழைந்த ஒன்றுதான் இந்தப் பெயரடை. அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்து 1400இல் மறைந்த கவிஞர் சாசர் இதை மூடத்தனமான என்ற பொருளில் கையாள்கிறார். அவர் காலத்து ஆங்கிலேயர் ஒருவரை இந்தச் சொல்லால் அழைத்திருந்தால், அழைக்கப்பட்டவருக்கு முகம் சுருங்கியிருக்கும்.

அன்றைய உச்சரிப்பும் இன்றையது போல இல்லை. அப்போது அது ‘நீஸ்’ என்பதற்கு நெருக்கமாக ஒலித்தது. ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் படிப்படியாக இடம் மாறின. ‘டீம’ என்று ஒலித்த சொல் ‘டைம்’ ஆனதும், ‘லீஃப்’ என்று ஒலித்தது ‘லைஃப்’ ஆனதும் அப்போதுதான். எழுத்துக்கூட்டல் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது; ஆங்கிலம் எழுதும்போது ஒன்றும் படிக்கும்போது ஒன்றுமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரான்சின் தென்கடற்கரையில் இதே எழுத்துகளால் எழுதப்பட்டு ‘நீஸ்’ என்று அழைக்கப்படும் நகரத்துக்கும் இந்தப் பெயரடைக்கும் உறவு எதுவும் கிடையாது. அந்த நகரத்தின் பெயர், வெற்றித் தெய்வத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

முட்டாள்தனம் என்ற பொருளிலிருந்து நேராக நல்ல என்ற பொருளுக்கு யாரும் தாவிவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறை பேசியதைக் கேட்டு, அதை ஒரு விரற்கடை அளவு நகர்த்திப் பேசியது, அவ்வளவுதான். நகர்வும் ஒரே திசையில் நடக்கவில்லை. அறிவில்லாமல் நடந்துகொள்ளுதல் என்பதிலிருந்து, கட்டுப்பாடின்றி நடந்துகொள்ளுதல், ஒழுக்கம் தவறுதல், பகட்டாக உடுத்துதல் என்ற பொருள்களும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து கிளைத்தன. அந்தக் கிளை சில நூற்றாண்டுகள் தழைத்துப் பின்னர் பட்டுப்போயிற்று. மற்றொரு கிளைதான் நமக்கு வேண்டியது: உலகம் தெரியாதவர் எதற்கும் தயங்குவார், அஞ்சுவார், ஒதுங்குவார் என்ற எண்ணத்தில், இந்தச் சொல் கூச்சம் மிகுந்த, எளிதில் ஒப்புக்கொள்ளாத, நாணுகின்ற என்ற பொருள்களையும் ஏற்றுக்கொண்டது.

அறியாமை எப்படி நாணமாகும் என்று ஆங்கிலேய மாணவருக்கு விளக்குவதைவிடத் தமிழருக்கு விளக்குவது எளிது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நம் மரபு பெண்ணுக்குச் சொல்லி வைத்த நான்கில் இரண்டாவதாக நிற்பது மடம். மடமை, மடையன் என்ற சொற்களில் அறிவின்மையைக் குறிக்கும் அதே அடிதான் மடந்தை, மடவரல் என்ற சொற்களில் ஓர் அழகாக, இளமையின் மென்மையாகப் போற்றப்படுகிறது. உரையாசிரியர்கள் மடம் என்பதைக் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று நயப்படுத்தி விளக்கினார்கள். சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு அதை விடாதிருத்தல் என்பது கருத்து. பேதை என்ற சொல்லையும் பாருங்கள். அறிவில்லாதவரைக் குறிக்கும் அது, பாட்டியல் நூல்களில் 5 முதல் 7 வயது வரையுள்ள சிறுமியின் பருவப் பெயராகவும், பின்னாளில் பரிவோடு பெண்ணை அழைக்கும் சொல்லாகவும் இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் ஒன்றையொன்று அறியாத காலத்தில், இரு சமூகங்களுமே பெண்ணின் அறியாமையை ஒரு நளினமாகக் கண்டிருக்கின்றன. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மூடத்தனத்துக்கும் மென்மைக்கும் இடையில் பாலம் எங்கே இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது.

நாணம் என்ற படியில் ஏறிய பிறகு அடுத்த படிகள் அருகருகே இருந்தன. எதையும் உடனே ஏற்காமல் தயங்குபவர், எதிலும் குறை காண்பவராகவும் தோன்றுவார். உணவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இது வேண்டாம், அது பிடிக்காது என்று ஒதுக்குபவரையும், சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் வெளியே வர மறுப்பவரையும் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இந்தச் சொல்லால் குறிக்கத் தொடங்கினார்கள். இங்கே பழிப்பு இன்னும் முழுமையாகப் போய்விடவில்லை. அவர் ஒரு மாதிரியான ஆள், எதிலும் நொட்டை சொல்வார் என்ற முணுமுணுப்பு அதில் இருந்தது. ஆனால் அந்த நொட்டைக்காரருக்குப் பிடித்துப்போகும் பொருள் எப்படிப்பட்டதாக இருக்கும்? மெல்லியதாக, நுட்பமான வேலைப்பாடு உடையதாக, பக்குவம் தவறாததாக இருக்கும். ஆகவே ஆளைக் குறித்த சொல் பொருளையும் குறிக்கத் தொடங்கியது. மெல்லிய, நுண்ணிய, எளிதில் உடையக்கூடிய என்ற பொருள்கள் 15ஆம் நூற்றாண்டில் தலைகாட்டுகின்றன. அடுத்த நூற்றாண்டில் துல்லியமான, கூர்ந்து வேறுபடுத்திப் பார்க்கிற என்ற பொருள்கள் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

மேலே நான் படிகள் என்று எழுதியது ஒரு வசதிக்காகத்தான். உண்மையில் ஒரு பொருள் இறங்கிப்போன பிறகு மற்றொன்று வந்து அமரவில்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் மூடத்தனமான, ஒழுக்கம் தவறிய, நாணுகிற, நொட்டை சொல்கிற, மெல்லிய, துல்லியமான என்ற எல்லாப் பொருள்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன. அந்தக் காலத்து எழுத்தாளர்கள் பல இடங்களில் இந்தச் சொல்லை எந்தப் பொருளில் கையாண்டார்கள் என்று தீர்மானிப்பது கடினம் என்று, சொல்வரலாற்றுக்கே பேர்போன ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. எதையும் கூறு போட்டு அடுக்கிவிடும் அந்த அகராதி கையை விரித்த சொற்களில் இதுவும் ஒன்று என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருக்கிறது.

இந்தக் குழப்பத்தின் ஒரு துளியை ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் காணலாம். ஜூலியட் உண்மையில் இறக்கவில்லை என்ற செய்தியை ரோமியோவுக்குத் தெரிவிக்கும் கடிதம் அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதை அறிந்த துறவி லாரன்ஸ் பதறிப்போய், அந்தக் கடிதம் ‘நைஸ்’ ஆனது அல்ல, மிகவும் முக்கியமான பொறுப்பைச் சுமந்தது என்கிறார். இங்கே அந்தச் சொல்லுக்கு அற்பமான என்பது பொருள். நுண்ணியது மேலும் நுண்ணியதானால் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியதாகிவிடும். அப்படிச் சிறியதானது பொருட்படுத்தத் தகாததாகிவிடும். இன்றைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்கும் மாணவர், கடிதம் இனிமையாக எழுதப்படவில்லை என்று துறவி குறைப்பட்டுக்கொள்வதாக எடுத்துக்கொள்வார். பழைய நூல்களில் நமக்கு முற்றிலும் தெரியாத சொற்கள் அவ்வளவாக ஆபத்தானவை அல்ல, ஏனெனில் உடனே அகராதியைத் திறந்துவிடுவோம். தெரிந்தது போலத் தோன்றும் சொற்களே காலை வாரிவிடுகின்றன.

18ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது கூட்டம் ஓரளவு கலைந்து, துல்லியம் என்ற பொருள் முன்னுக்கு வந்து நின்றது. 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதி, இந்தச் சொல்லுக்கு மிக நுண்ணிய அளவிலும் தவறாமல் தீர்ப்புச் சொல்லக்கூடிய என்ற பொருளைத் தருகிறது. கூடவே, தேவைக்கு மேல் துல்லியம் பார்க்கிற என்றும் சொல்லி, குறை கூறத்தக்க அளவுக்கான நாசூக்கைக் குறிக்கவும் இது அடிக்கடி ஆளப்படுகிறது என்று ஒரு கொட்டும் வைக்கிறது. சுருதி சற்று விலகினாலும் கண்டுபிடித்துவிடும் செவியையும், குன்றிமணி எடைக்கும் அசையும் தராசையும், இரு கருத்துகளுக்கு இடையிலுள்ள மயிரிழை வேறுபாட்டையும் அக்காலத்தவர் இந்தச் சொல்லால் குறித்தார்கள். வாட்டர்லூவைப் பற்றி வெலிங்டன் பேசியது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருளில்தான். அவர் பேசிய 1815ஆம் ஆண்டில் இனிமையான என்ற புதிய பொருளும் நாட்டில் பரவலாகப் புழங்கிக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஊரில் ஒரே நாளில் ஒருவர் போரையும் மற்றொருவர் தேநீர் விருந்தையும் ஒரே சொல்லால் குறிப்பிட முடிந்த காலம் அது.

துல்லியம் எப்படி இனிமை ஆயிற்று என்ற கேள்விக்கு விடை, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையில் இருக்கும் சிறு இடைவெளியில் கிடைக்கிறது. பக்குவமாகச் செய்த பலகாரத்தைப் பார்த்து ஒருவர் இந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்நேர்த்தி நுட்பமாக இருக்கிறது என்று அவர் எண்ணியிருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த சிறுவனோ, பலகாரம் சுவையாக இருப்பதால்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்துகொள்கிறான். அந்த இடத்தில் இரண்டு பொருளுமே பொருந்துவதால் தவறு நேர்ந்ததாக யாருக்கும் தெரிவதில்லை. பிறகு அதே சிறுவன் ஓர் அழகான காலை நேரத்தையோ ஓர் இனிய வீட்டையோ பார்த்து அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போதுதான் பொருள் நகர்ந்துவிட்டது வெளியே தெரிகிறது. இனிமையான, மகிழ்ச்சி தருகிற என்ற பொருளுக்கு 1769ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் குறிப்பிடுவது சொல்வரலாற்று நூல்களின் வழக்கம். அன்பாக நடந்துகொள்கிற, பிறர் மனம் நோகாமல் பழகுகிற என்று மனிதரின் குணத்தைக் குறிக்கும் பொருள் அதற்கும் பிந்தியது. 1830ஐ ஒட்டித்தான் அது எழுத்தில் நிலைபெறுகிறது. இன்று நாம் முதலில் நினைக்கும் பொருள், எல்லாவற்றிலும் இளையது.

இந்த நகர்வு கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தபோதே அதைக் கவனித்துச் சிரித்தவர் ஜேன் ஆஸ்டின். அவருடைய நார்த்தாங்கர் அபி நாவல் அவர் மறைந்த சில மாதங்களில், 1817இன் இறுதியில் வெளியாயிற்று. அதில் கேத்தரின் என்ற இளம்பெண், தனக்குப் பிடித்த ஒரு திகில் நாவலை உலகத்திலேயே மிகவும் ‘நைஸ்’ ஆன புத்தகம் என்கிறாள். ஹென்றி என்ற இளைஞன் உடனே அவளைச் சீண்டுகிறான்: மிகவும் நேர்த்தியானது என்று சொல்கிறாய் போலும், அது புத்தகத்துக்குப் போட்டிருக்கும் பைண்டிங்கைப் பொறுத்தது. பிறகு அவன் ஒரு சிறு சொற்பொழிவே செய்துவிடுகிறான். இன்றைய நாளும் ‘நைஸ்’, நாம் நடப்பதும் ‘நைஸ்’, நீங்கள் இருவரும் ‘நைஸ்’ ஆன பெண்கள், எதற்கும் பொருந்துகிற அருமையான சொல் இது என்று கிண்டல் செய்துவிட்டு, தொடக்கத்தில் இது நேர்த்தி, நாகரிகம், மென்மை ஆகியவற்றைக் குறிக்கவே பயன்பட்டிருக்கக்கூடும் என்கிறான்.

இந்தக் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது, ஹென்றியும் தவறுகிறான் என்பதுதான். தொடக்கத்தில் என்று அவன் சுட்டும் பொருள், உண்மையில் சொல்லின் நடுவயதைச் சேர்ந்தது. அவனுடைய தாத்தா காலத்து வழக்கைத்தான் அவன் ஆதிப் பொருள் என்று எடுத்துக்கொண்டான். நேர்த்தி என்ற பொருளுக்கு முன்னால் நொட்டை இருந்தது, அதற்கு முன்னால் நாணம், அதற்கும் முன்னால் முட்டாள்தனம் என்று பின்னோக்கிப் போனால், கேத்தரினின் புத்தகம் உலகத்திலேயே மிகவும் அறிவற்ற புத்தகம் என்றாகிவிடும். அந்த வகைத் திகில் நாவல்களைப் பற்றிய அந்தக் கதையின் மொத்தக் கிண்டலையும் பார்க்கும்போது, அதுவும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு சொல்லின் பழைய பொருளே அதன் உண்மையான பொருள், இன்று வழங்குவது சிதைவு என்று வாதிடுபவர்கள் எல்லா மொழியிலும் உண்டு. நாற்றம் என்றால் நறுமணம்தான், அதைத் துர்நாற்றத்துக்குப் பயன்படுத்துவது பிழை என்று நம்மிடையே மேடையில் சொல்பவர்களும் இந்த வகையினரே. பழைய இலக்கியத்தைப் படிக்க அந்த அறிவு கட்டாயம் வேண்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டு விருந்துக்குச் சென்ற வீட்டில் உங்கள் சமையல் நாறுகிறது என்று பாராட்டினால், அடுத்த முறை அழைப்பு வராது. சொல்லின் பொருளை முடிவு செய்வது அதைப் பயன்படுத்துகிற மக்களின் உடன்பாடு. சொல்லின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஹென்றியின் கிண்டலுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் முறையீடு ஓயவில்லை. 1926இல் ஆங்கில வழக்குகளைப் பற்றிய தன் புகழ்பெற்ற கையேட்டை வெளியிட்ட ஹென்றி ஃபௌலர், பெண்களின் செல்லப் பிள்ளையாகிவிட்டதால் இந்தச் சொல் தன் தனித்தன்மையை எல்லாம் இழந்து, தெளிவற்ற மென்மையான இனிமையைப் பரப்புவதோடு நின்றுவிட்டது என்று வருந்தினார். பெண்கள் மீது பழியைப் போட்டது அக்காலத்து ஆண் அறிஞர்களின் பொதுவான பழக்கம். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அவர் கண்ட நோய் உண்மையானதுதான். உணவு, வானிலை, மனிதர், வீடு, சட்டை, செய்தி என்று எதற்கும் ஒட்டுகிற சொல், எதைப் பற்றியும் புதிதாக எதுவும் சொல்வதில்லை. கட்டுரைப் பயிற்சியில் இந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி ஆங்கில ஆசிரியர்கள் மாணவர்களை விரட்டுவதும் இதனால்தான்.

இந்த வரலாற்றில் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள் பின்னிக் கிடப்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. இழிந்த பொருளிலிருந்து உயர்ந்த பொருளுக்குச் சொல் ஏறுவதைத் தமிழ் மொழியியல் நூல்கள் உயர்பொருட்பேறு என்கின்றன. அதற்கு எதிரானது இழிபொருட்பேறு. அறியாதவன் என்பதிலிருந்து அன்பானவன் என்பதற்கு வந்து சேர்ந்தது முதல் வகை. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டிய சொல் பரந்த பொருளைப் பெறுவது பொதுப்பொருட்பேறு. நுட்பமான வேறுபாட்டைக் காட்டிய சொல், எதற்கும் பொருந்தும் பொதுப் பாராட்டாக ஆனது இந்த வகையைச் சேரும். பலமுறை துவைத்த துணியைப் போலப் பொருள் வெளிறிப்போகிறது என்றும் இதைச் சொல்லலாம். உயர்ந்துகொண்டே வெளிறிய சொல் இது.

எதிர்த்திசையில் போன ஒரு சொல்லையும் இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று முட்டாள்தனமான என்று பொருள்படும் ‘சில்லி’ என்ற ஆங்கிலப் பெயரடை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இறையருள் பெற்ற, மகிழ்ச்சியான என்ற பொருளைத் தந்தது. அதன் உடன்பிறப்பான ஜெர்மன் மொழியின் ‘செலிஷ்’ இன்றும் இறையருள் பெற்ற என்றே பொருள்படுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் அது அருள் பெற்றவர், ஆகவே களங்கமற்றவர், ஆகவே சூது தெரியாதவர், ஆகவே இரங்கத்தக்கவர், ஆகவே அறிவு போதாதவர் என்று சறுக்கிக்கொண்டே வந்து, 16ஆம் நூற்றாண்டில் முட்டாளிடம் போய் நின்றது. ஒரு சொல் முட்டாளிடமிருந்து கிளம்பி மேலே ஏற, மற்றொன்று தெய்வத்திடமிருந்து கிளம்பிக் கீழே இறங்க, இரண்டும் சூதறியாத எளியவர் என்ற இடத்தில் ஒன்றையொன்று கடந்து சென்றிருக்கின்றன. இது போலவே, அழகான என்று பொருள்படும் ‘பிரிட்டி’ ஒரு காலத்தில் தந்திரமுள்ள என்ற பொருளையும், பிரியமுள்ள என்று பொருள்படும் ‘ஃபாண்ட்’ ஒரு காலத்தில் மூடத்தனமான என்ற பொருளையும் கொண்டிருந்தன.

இன்றைய ஆங்கிலத்தில் நம் பெயரடை வேறு சில வேலைகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அறை இதமான சூட்டில் இருக்கிறது என்று சொல்ல விரும்புபவர், சூடு என்ற சொல்லுக்கு முன்னால் ‘நைஸ் அண்ட்’ என்று சேர்த்துவிட்டால் போதும். அங்கே அது தனக்கென்று பொருள் எதையும் வைத்துக்கொள்ளாமல், பின்னால் வரும் சொல்லுக்கு மனநிறைவு என்ற சாயத்தை மட்டும் ஏற்றுகிறது. குரலைச் சற்று மாற்றி இழுத்துச் சொன்னால், நன்றாகச் செய்தாய் போ என்ற ஏளனமாகவும் அது ஆகிவிடும். ஏளனமாகச் சொல்லப்படும்போது, அது 700 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது: சொல்பவரின் கண்ணில் எதிரில் நிற்பவர் முட்டாள்தான்.

பழைய துல்லியப் பொருளும் முற்றாக அழிந்துவிடவில்லை. நுணுக்கம் என்ற பொருளைத் தரும் ‘நைசிட்டி’ என்ற பெயர்ச்சொல் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. நீதிமன்ற ஆங்கிலத்திலும் அது உயிரோடு இருக்கிறது. தீர்ப்பில் ஒரு நீதிபதி, இந்த வழக்கு ஒரு ‘நைஸ் க்வெஸ்ச்சன்’ஐ எழுப்புகிறது என்று எழுதினால், கேள்வி நன்றாக இருக்கிறது என்று அவர் வழக்குரைஞரைத் தட்டிக்கொடுக்கவில்லை. இரு தரப்பும் சமமாக நிற்கிற, மிகக் கவனமாக எடை போட வேண்டிய, நுட்பமான சட்டச் சிக்கல் என்பதே அதன் பொருள். வெலிங்டன் போர்க்களத்துக்குச் சொன்னதை நீதிபதி வழக்குக்குச் சொல்கிறார். தீர்ப்புகளைத் தமிழில் பெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் நல்ல கேள்வி என்று எழுதிவிட்டால், அந்த வாக்கியத்தின் கனம் முழுவதும் போய்விடும்.

தமிழ்நாட்டுப் பேச்சில் கலந்துவிட்ட ‘நைஸ்’ இந்த வரலாற்றில் எங்கே நிற்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். ஆங்கிலம் கலந்து பேசுபவர்கள் நல்ல என்ற பொருளில் அதைப் பயன்படுத்துவது ஒரு புறம் இருக்கட்டும். ஆங்கிலமே தெரியாதவர்களும் சரளமாகச் சொல்கிற ‘நைஸ்’ வேறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ஓசைப்படாமல், பிறர் கவனிக்காதபடி காரியத்தை முடித்துக்கொள்வது: வேலை வரும் நேரம் பார்த்து நைசாக நழுவிவிட்டான் என்கிறோம்; நைஸ் பண்ணிக் காசு வாங்கிக்கொண்டான் என்கிறோம். இந்தப் பொருளில் அதன் பக்கத்திலேயே நைச்சியம் என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது. நீசம் என்ற வடசொல்லோடு உறவுடைய நைச்சியம், வைணவ மரபில் அடியவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு பேசும் பணிவைக் குறித்தது. இன்று நைச்சியமாகப் பேசினான் என்றால் குழைந்து பேசி ஏமாற்றினான் என்றே பொருள் கொள்கிறோம். அதுவும் இறங்கி வந்த சொல்தான். ஒலியாலும் பொருளாலும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இரண்டு சொற்களில் ஒன்றின் சாயல் மற்றொன்றின் மேல் படியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

மற்றொரு வேலை மாவு மில்லில் நடக்கிறது. தூக்கில் அரிசியையோ மிளகாயையோ கொண்டுபோய்க் கொடுத்தால், ‘நைஸா அரைக்கணுமா, கொரகொரப்பாவா?’ என்று மில்காரர் கேட்கிறார். அவர் சொல்லும் ‘நைஸ்’ இனிமையையோ நல்ல குணத்தையோ குறிக்கவில்லை. விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தால் துகள் தட்டுப்படாத நுண்மையைத்தான் அது குறிக்கிறது. லண்டனில் பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்து தீர்ப்புரைகளில் மட்டும் தங்கிவிட்ட அந்தப் பொருளின் நெருங்கிய உறவைத்தான், சல்லடையில் மாவைத் தட்டிக்கொண்டே அவர் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.